நாலரை மணி பஸ்ஸில் போன நான்கு கவர்கள்

1. முதல் நாள்

“போய் கவர் பண்ணு. எழுதி கவர்ல போட்டு நாலரை மணி பஸ்ல ஏத்து. எவனாவது கவர் குடுத்தா மட்டும் வாங்காத. அவ்ளோதான் வேலை, கிளம்பு.”

வேலூர் ஆபீசில் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வரதராஜன் சார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. ஆம்பூருக்குப் பகுதிநேர நிருபராக என்னைச் சேர்த்துக்கொண்ட நாள் அது. ஒரே மூச்சில் ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்லிவிட்டார். திரும்பக் கேட்டால் எட்டாவதோடு நின்றவன் என்பது தெரிந்துபோகுமே என்று பயம். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்த கவர் வேறு. அதுவரை ஒரு தோல் ஃபேக்டரியின் ஃபினிஷிங் செக்ஷனில் இருந்தேன். தோலில் முள் கீறியது, உண்ணி கடித்தது என்று தழும்புகள் இருக்கும். அதன்மேல் கலர் ஸ்ப்ரே அடித்து முடித்ததும் மேஸ்திரி வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். “நல்லா கவர் ஆயிருக்குதா?” என்பார். அங்கே கவர் என்றால் தழும்பு தெரியாமல் மூடுவது. பத்திரிகையில் கவர் பண்ணுவது என்றால் மூடியிருப்பதைப் போய்ப் பார்த்து எழுதுவது. ஒரே சொல் இரண்டு தொழிலில் நேர் எதிராக நிற்கிறது என்பது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

யாரோ கொடுக்கும் அந்த மூன்றாவது கவர், கூட்டம் முடிந்ததும் டீ பிஸ்கட்டோடு சேர்த்துக் கையில் திணிப்பது. உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கடைசிவரை வாங்கியதில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். வாங்கினால் சாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே இருபத்தேழு வருஷம் நேர்மையாக இருந்துவிட்டேன்.

2. பஸ் கவர்

இப்போது இருக்கும் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்தே செல்போனில் செய்தியைத் தட்டிவிடுகிறார்கள். சிக்னல் இல்லையென்றால் “கவரேஜ் இல்ல சார்” என்கிறார்கள். அதுவும் ஒரு கவர்தான், எங்கள் காலத்தில் இல்லாதது. நாங்கள் நம்பியிருந்தது பழுப்பு நிறக் காகித கவரை. மேலே சிவப்பு மையில் ‘செய்தி – அவசரம்’ என்று எழுதி, ஒட்டி, நாலரை மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேலூர் கிளம்பும் பஸ்ஸில் கண்டக்டர் பாஷா பாய் கையில் கொடுப்போம். வேலூரில் ஒவ்வொரு ஆபீசிலிருந்தும் ஆள் வந்து நிற்பார். அவரவர் கவரை அவரவர் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு அடுத்த பஸ்ஸில் போட்டால் மாவட்டப் பக்கம் முடிந்திருக்கும்.

ஊரில் நாங்கள் நான்கு பேப்பருக்கு நான்கு பேர். எங்களுக்குள் என்ன சண்டை இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் கவரைத் தொடக் கூடாது. உள்ளே என்ன என்று கேட்கவும் கூடாது. பாஷா பாய் எங்களைவிட இதில் கறார். நான்கு கவரையும் சேர்த்துத் தோல் பையின் உள்ளறையில் வைப்பார். அதன்மேல் டிக்கெட் கட்டுகூட வைக்க மாட்டார்.

நான் சுபாவத்திலேயே கவலைப்படுகிறவன். கவரை ஒட்டியபின் மறுபடி பிரித்து, செய்தியில் வரும் பெயர்களின் இனிஷியலைச் சரிபார்ப்பேன். பஸ் கிளம்பி வளைவு திரும்பும்வரை நின்று பார்ப்பேன். “உன் மேட்டர் இறங்கி ஓடிப் போவாது, வூட்டுக்குப் போ” என்பார் பாஷா பாய், படியில் நின்றபடி.

3. நடப்பதற்கு முன்னால் எழுதுவது

நாலரை மணிக்குப் பிறகு நடப்பதை எப்படி எழுதுவது? இளையவர்கள் இதைத்தான் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முன்னாலேயே எழுதிவிடுவோம். ஸ்கூல் ஆண்டு விழா ஆறு மணிக்கு என்றால், அழைப்பிதழைப் பார்த்து மூன்று மணிக்கே ‘விழா சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதி பஸ் ஏற்றிவிடுவோம். நான் போய்ப் பந்தல் போட்டிருக்கிறார்களா, மைக் செட் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அதைப் பெரிய ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முக்கியமில்லாத செய்தி என்றால் ஒருவர் எழுதுவார், மற்ற மூவரும் அதையே தங்கள் பேப்பருக்கு அனுப்புவார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். படிப்பை விட்டாலும் கையெழுத்து மட்டும் என்னை விடவில்லை. அதனால் எழுதுவது எப்போதும் நான். கார்பன் பேப்பர் வைத்து அழுத்தி எழுதினால் நான்கு பிரதி வரும். “பழனி எழுதுனா கம்போசிங்ல தப்பே வராதுப்பா” என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

4. முப்பது அடி

ஊருக்கு வெளியே ஒரு ஷூ ஃபேக்டரியில் ஸ்டிரைக். ஷூவுக்கு அட்டை ஒட்டும் செக்ஷனில் வேலை பார்க்கும் பெண்கள், பசை சொல்யூஷன் வாடையில் மயக்கம் வருகிறது, புகை வெளியேற ஃபேன் வையுங்கள் என்று கேட்டார்கள். கேட்டதில் முன்னால் நின்ற நான்கு பேரை ஃபேக்டரி வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அந்த நால்வரைத் திரும்ப எடுக்கும்வரை உள்ளே போக மாட்டோம் என்று மொத்த செக்ஷனும் வெளியே வந்துவிட்டது. நால்வரில் ஒருவர் சரோஜாக்கா, எங்கள் தெருதான். பதினோரு நாளாக ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் அடுப்பெரிவதே தள்ளாட்டமாக இருந்தது.

பதினோராவது நாள் மூன்று மணிக்கு மேனேஜர் எங்கள் நான்கு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு டைப் அடித்த தாள் கொடுத்தார். ‘பேச்சுவார்த்தையில் சுமுக உடன்பாடு. நாளை முதல் அனைவரும் பணிக்குத் திரும்புகின்றனர்.’

“பேச்சுவார்த்தை எப்போ சார்?” என்று கேட்டேன்.

“நாலரைக்கு. சும்மா ஃபார்மாலிட்டி. எல்லாம் பேசி முடிச்சாச்சு, சைன் மட்டும்தான் பாக்கி. உங்க பஸ்ஸுக்கு லேட் ஆயிடுமேன்னுதான் முன்னாலயே குடுக்கறேன்.”

“கன்ஃபார்ம்தானே சார்?”

“இன்னா பழனி, கல்யாணப் பொண்ணு மாதிரி பயப்படறே. கன்ஃபார்ம்.”

இரண்டாம் தடவையும் கேட்டேன். இரண்டாம் தடவையும் கன்ஃபார்ம் என்றார். டீ வந்தது, கூடவே கவரும் வந்தது. கவரை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெருமிதத்திலேயே பெரிய தப்பைச் செய்தேன்.

கேட்டிலிருந்து புளியமரம் முப்பது அடி இருக்கும். சரோஜாக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணி மூன்றரை தாண்டிவிட்டது. எழுத வேண்டும், கார்பன் மாற்ற வேண்டும், ஒட்ட வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நால்வருக்கும் நானே எழுதினேன். நாலரைக்கு நான்கு கவரும் பாஷா பாய் பையில் ஏறின. இனிஷியலெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மற்ற மூவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மனசு கேட்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தேன். கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி. அப்போது மணி நாலே முக்கால். சரோஜாக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஆபீஸ் ரூமிலிருந்து அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

“இன்னாக்கா, முடிஞ்சுதா?”

“இன்னா முடிஞ்சுது? நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வந்துடணுமாம். நாங்க நாலு பேரு விஷயம் அப்புறம் பாக்கறாங்களாம். அப்புறம்னா எப்போடா? உள்ள போய்ட்டா எவன் எங்கள மதிப்பான்? பேப்பர அந்தாளு மேஜ மேலயே வெச்சிட்டு வந்துட்டோம். கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

நாளைக் காலை நான்கு பேப்பரிலும் ஸ்டிரைக் முடிந்தது என்று வரும். பேரணாம்பட்டு பக்கமிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் பெண்களுக்குப் பேப்பரில் வந்ததுதான் சேதி. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நேரே உள்ளே போய்விடுவார்கள். செக்ஷன் ஓட ஆரம்பித்துவிட்டால் இந்த நான்கு பேரும் வெளியேதான். அதை எழுதியது என் கை. மேனேஜர் நாலரை மணியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் பஸ் நேரம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

சரோஜாக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

“எங்கள ஒரு வார்த்த கேக்கலியேடா” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5. பள்ளிகொண்டா

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் எங்கள் ஆபீசுக்கு இரண்டு தடவை போட்டேன். என்கேஜ்ட். மற்ற மூன்று ஆபீஸ் நம்பரும் என்னிடம் இல்லை. ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிய டெம்போ ஒன்று சாலையில் வந்தது. கையைக் காட்டி ஏறினேன். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “கவலப்படாத சார், பள்ளிகொண்டால அந்த பஸ் டீக்கு இருபது நிமிஷம் நின்னுதான் எடுக்கும், புடிச்சிடலாம்” என்றார். மாதனூர் தாண்டும்வரை சாலையில் அந்த பஸ்ஸையே தேடிக்கொண்டு வந்தேன்.

பள்ளிகொண்டாவில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். பாஷா பாய் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அரே பழனி! நீ இன்னா இங்க? கவர்ல அட்ரஸ் எழுத மறந்துட்டியா?”

மூச்சு வாங்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டு பையைத் திறந்து, என் கவரை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

“பாய், நாலையும் குடுங்க.”

“உன்னுது உன் கையில இருக்குது.”

“நாலுமே நான் எழுதுனதுதான் பாய். இதோ பாருங்க.” என் கவரைக் கிழித்துக் கையெழுத்தைக் காட்டினேன்.

“எழுத்து உன்னுது. கவர் அவங்களுது. இன்னிக்கு உன் பேச்சக் கேட்டுக் குடுத்தா, நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து கேப்பான். அவனும் இதே மாதிரி அழுவான். அப்போ நான் இன்னா செய்றது?”

“பாய், நாலு பேரு வேலை போயிடும்.”

“தெரியுது. பேஜாராத்தான் இருக்குது. ஆனா தர மாட்டேன்.” பையை மூடி, விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்: “வேலூர்ல வாங்க வர்ற ஆளுங்க கையில நான் குடுப்பேன். நீ பக்கத்துல நில்லு. அப்புறம் உன் பாடு, அவங்க பாடு. டிக்கெட் எடுத்துக்கோ.”

கோபம் வந்தது. ஆனால் அவரைத் தப்பு சொல்ல முடியாது. இத்தனை வருஷம் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனது அந்த மனுஷன் இப்படி இருந்ததால்தான். டிக்கெட் எடுத்தேன்.

6. நான்கு ஆபீஸ்

வேலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று ஆட்களிடமும் சொன்னேன். “எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம், செய்தி டெஸ்க்ல வந்து சொல்லு” என்றார்கள் மூவரும். நியாயம்தானே. அவர்கள் பின்னாலேயே போனேன்.

ஆபீஸ் படியேறி, முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நின்று இதைச் சொல்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “சார், நான் உங்க பேப்பர் ஆள் இல்ல. உங்க ஆம்பூர் ஆள் அனுப்புன மேட்டர் நான் எழுதுனது. நடக்கறதுக்கு முன்னாலயே எழுதிட்டேன். அது நடக்கல.” இந்த நான்கு வாக்கியத்தில் நானும் மாட்டுகிறேன், கூட இருக்கும் மூன்று பேரும் மாட்டுகிறார்கள். அது தெரிந்தும் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை.

முதல் ஆபீசில் மேட்டரை வாங்கிப் படித்துவிட்டு, கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார் ஒருவர். இரண்டாவது ஆபீசில், “ஆம்பூர்ல நாலு பேருக்கு ஒரே மூளைதானா?” என்று சத்தம் போட்டார்கள். ஆனால் அங்கேயே உட்கார வைத்து, நடந்தது என்ன என்று புதிதாக எழுதி வாங்கினார்கள். மூன்றாவது ஆபீசில் நான் பேசப் பேச அங்கிருந்தவர் சிரித்தார். “கம்பெனியே எழுத்துல குடுத்திருக்குது. தப்புன்னா நாளைக்கு ஒரு மறுப்பு போட்டுக்கலாம், போய்யா” என்றார். இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலையே நிமிரவில்லை.

கடைசியாக எங்கள் ஆபீஸ். என் கவர் வந்து சேராததால் வரதராஜன் சார் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தார். இங்கே மட்டும் நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக எழுதிக் கொடுத்து, பஸ்ஸை விட்டுட்டேன் சார் என்றால் முடிந்தது. வாசலில் நின்று அதையும் ஒரு நிமிஷம் யோசித்தேன். மூன்று இடத்தில் சொன்னதை, எனக்கு வேலை கொடுத்த இடத்தில் மறைத்தால் அது என்ன கணக்கு? உள்ளே போய்க் கிழித்த கவரை அவர் மேஜைமேல் வைத்தேன்.

“இது தப்பு சார். பாக்காமலே எழுதிட்டேன்.”

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆண்டு விழாவெல்லாம் எப்படிய்யா எழுதுன இத்தன நாளு?”

“அதுவும் இப்படித்தான் சார். பந்தல மட்டும் பாத்துட்டு.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“உக்காரு. இன்னிக்குப் பாத்தத மட்டும் எழுது.”

எழுதினேன். ஏழே வரி. ‘பேச்சுவார்த்தை தோல்வி. நால்வரை எடுக்கும்வரை போராட்டம் தொடரும் எனத் தொழிலாளர்கள் அறிவிப்பு.’ கார்பன் இல்லாமல் எழுதியது.

7. மறுநாள் காலை

பஸ்ஸில் வந்த எங்கள் பேப்பர் கட்டைக் கடையில் பிரிக்காமல் நேரே ஃபேக்டரி கேட்டுக்குக் கொண்டு போனேன். அந்த மூன்றாவது ஆபீசின் பேப்பரை மேனேஜர் ஏற்கெனவே கேட்டில் ஒட்டியிருந்தார். டிபன் பாக்ஸோடு வந்திருந்த பெண்கள் அதன்முன் கூட்டமாக நின்றார்கள். உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று தெரிந்தது.

சரோஜாக்கா என் கையிலிருந்து ஒரு பேப்பரை உருவி, சத்தமாக வாசித்தார். கூடவே பக்கத்துக் கடையிலிருந்து மற்ற இரண்டு பேப்பரையும் வாங்கிவரச் சொல்லி அவற்றையும் வாசித்தார். ஒன்றில் நடந்தது விவரமாக இருந்தது. இன்னொன்றில் ‘முடிந்தது’ என்ற சேதியே இல்லை. ஒட்டியிருந்ததைக் காட்டி, “மூணு பேப்பர்ல முடிஞ்சுதுன்னு கெடையாது, இது ஒண்ணு மட்டும்தான் முடிஞ்சுதுன்னு சொல்லுது. இதுல கம்பெனிக்காரன் வாய் வாடை அடிக்குது பாருங்கடி” என்றார். கூட்டம் சிரித்தது. டிபன் பாக்ஸ்கள் புளியமரத்தடிக்குத் திரும்பின. உள்ளே போயிருந்தவர்களில் ஐந்து பேர் மதிய சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “நல்லா இருந்த வேலைய ஏன் பழனி கெடுத்துக்கறே?” என்றார். நான் அங்கிருந்து நகரவில்லை.

பதிமூன்றாவது நாள் மறுபடி பேச்சுவார்த்தை. இந்தத் தடவை காலை பதினோரு மணிக்கு, நான் ரூமுக்கு வெளியே பெஞ்சில். நால்வரையும் எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்து ஆனது. மை காய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த மாதத்தில் ஃபேனும் வந்தது. சரோஜாக்காவிடம் போய், நான்கு ஆபீஸ் ஏறியதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“நாங்க பதிமூணு நாளு வெயில்ல குந்திக்கினு இருந்தோம். நீ ஒரு நா மாடிப்படி ஏறுனதுக்கு இம்மாம் பேச்சா?” என்றார். அப்புறம், “சரி, சாப்ட்டியா?” என்று கேட்டார்.

8. பிறகு

கூட்டாளிகள் மூவரில் இரண்டு பேர் ஒரு மாதத்தில் பழையபடி பேசினார்கள். குமரேசன் மட்டும் கடைசிவரை பேசவில்லை. அவனுக்கு ஆபீசிலிருந்து கண்டித்து ஓலை வந்ததாம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மூவரையும் முன்கூட்டி எச்சரிக்காமல் போனது என் தப்பு.

இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு தரப்பை இரண்டு தடவை கேட்பதும், இரண்டு தரப்பை ஒரு தடவை கேட்பதும் ஒன்றல்ல. மேனேஜரை நான் இரண்டு தடவை கேட்டேன். முப்பது அடி நடந்திருந்தால் ஒரு தடவையிலேயே முடிந்திருக்கும்.

வரதராஜன் சார் என்னை நிறுத்தவில்லை. அந்த வாரமே ஒரு ஏற்பாடு செய்தார். நாலரை மணிக்குமேல் நடக்கும் எதையும் நான் இனி எழுதி அனுப்பக் கூடாது. நடந்து முடிந்ததும் ஆபீசுக்கு போன் போட வேண்டும், அதுவரை பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்து, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். மாவட்டத்தில் எத்தனையோ பட்டதாரி நிருபர்கள் இருந்தார்கள். ஆபீசில் பக்கம் பார்க்கிறவரே தன் கையால் செய்தி எழுதிக்கொண்டது, எட்டாவது படித்த எனக்கு மட்டும்தான். அவர் ரிட்டயர் ஆகும்வரை, ஹலோவுக்கு அடுத்ததாக அவர் கேட்டது ஒரே கேள்வி.

“நேர்ல பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“சொல்லு.”